ஏகமனதாக

ஆரணியில் விடியற்காலையில் நெசவாளர் தெரு வழியாக நடக்கிறவர்கள் சற்று ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்பே தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். பாவு அவர்களில் ஒருவருடையதாகத்தான் இருக்கும், மற்றவர்கள் அக்கம்பக்கத்தார். இன்று இவருக்கு அவர் வந்தால் நாளை அவருக்கு இவர் போக வேண்டும். இதற்கெல்லாம் கணக்கு எழுதி வைப்பதில்லை. ஆனால் யாரும் மறப்பதுமில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு அப்படி ஒரு காலை நேரத்தில் அந்தத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சிறு பெண் பாவின் ஓரமாக வந்தாள். பத்து வயதுகூட இராது. திடீரென்று நின்று, "தாத்தா, இங்க இழை அறுந்திருக்கு!" என்று கத்தினாள். வேலை நின்றது. ஒரு பெரியவர் வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்த்து, அறுந்த இழையை எடுத்து முடிந்தார். மறுபடியும் வேலை நடந்தது. அந்தப் பெண்ணை ஒருவரும் பாராட்டவில்லை. "உனக்கு என்னடி தெரியும்?" என்று ஒருவரும் அதட்டவுமில்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலையே, அதே தெருக்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்தையும் நான் பார்க்க நேர்ந்தது. அது ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டம். பெயர் வேண்டாம். எந்த ஊர்ச் சங்கத்துக்கும், ஏன், எந்த நகரத்து ஆபீஸுக்கும் பொருந்தக்கூடிய கதை இது. சங்கம் பட்டும் சரிகையும் கொடுக்கும். உறுப்பினர்கள் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார்கள். காலையில் இழை முடிந்த பெரியவர்தாம், "வாங்க சார், சும்மா உட்கார்ந்து பாருங்க" என்று என்னை அழைத்துப் போனார்.

நாலு மணிக்குக் கூட்டம் என்று சொல்லியிருந்தார்கள். தலைவர் ஐந்தேகாலுக்கு வந்தார். மாதச் சம்பளம் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. கூட்டத்துக்காகக் காத்திருப்பதும் நமக்கு ஆபீஸ் நேரந்தான், சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். புடவைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அப்படியில்லை. அவர் கூட்டத்துக்கு வந்தால் வீட்டில் தறி நிற்கிறது. அறுபது பேர் அந்த ஒன்றேகால் மணி நேரத்தைக் கையைவிட்டுக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறர் பணத்தை எடுத்தால் திருட்டு என்கிறோம். பிறர் நேரத்தை எடுத்தால் 'கொஞ்சம் தாமதமாகிவிட்டது' என்கிறோம்.

அது புரட்டாசி மாதம். முதல் விஷயம் ஆயுத பூஜை. சங்கத்துக் கட்டடத்துக்கு எத்தனை முழம் பூ, சுண்டலா பொங்கலா, போன வருஷத்துக் கணக்கில் தேங்காய் ஏன் இரண்டு குறைந்தது என்று முக்கால் மணி நேரம் பேச்சு நடந்தது. பேசாதவர் இல்லை. சிரிப்பும் கேலியுமாக நல்ல கலகலப்பு.

இரண்டாவது விஷயம் தை முகூர்த்தம். பட்டணத்து ஜவுளிக்கடை ஒன்று வழக்கத்தைவிட அதிகமாகப் புடவை கேட்டிருக்கிறதாம். மார்கழி முடிவதற்குள் ஒவ்வொரு தறியும் மாதத்துக்கு ஒரு புடவை கூடுதலாகத் தர வேண்டும். தலைவர் இதை விளக்கமாகப் பேசினார். சங்கத்தின் எதிர்காலம், ஊரின் பெருமை எல்லாம் அந்தப் பேச்சில் வந்தன. முடிவில், "என்ன, எல்லோருக்கும் சம்மதந்தானே?" என்றார். தலைகள் அசைந்தன என்று சொல்ல மாட்டேன். எந்தத் தலையும் மறுத்து அசையவில்லை. காரியதரிசி குனிந்து எழுதினார்: 'ஏகமனதாக நிறைவேறியது.' புத்தகம் கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த விஷயத்துக்கு ஆன நேரம், தலைவரின் பேச்சை நீக்கிவிட்டால், ஐந்து நிமிஷம்.

வெளியே டீக்கடையில் பெரியவரிடம் கேட்டேன்: "ஒரு புடவை கூடுதலாக நெய்துவிட முடியுமா?"

"எங்க சார் முடியும்? ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தெருவுல பாவு நீட்ட முடியுமா? குழித்தறியில தண்ணி ஊறும். ஈரத்துல பட்டு சொன்னபடி கேக்காது. கூட ஒண்ணு நெய்யறது இருக்கட்டும், நெய்யறதே குறையும்."

"அங்கே ஏன் சொல்லவில்லை?"

பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சம்மதமான்னு கேட்டாங்க. முடியுமான்னு கேக்கலையே."

பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு, "அடுத்த பாவும் அவங்க கையாலதானே வாங்கணும்?" என்றார்.

அவருடைய பேரன் பக்கத்தில் நின்றிருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான் சார். திரையில முப்பது சின்னச் சின்னச் சதுரம். கடைசியில 'எனி கொஸ்டின்ஸ்?'ம்பாங்க. எல்லாரும் மைக்கை அணைச்சு வெச்சிருப்போம்" என்று சிரித்தான். தாத்தா சிரிக்கவில்லை.

மழை வந்தது. ஐப்பசியில் மழை வருவது அதிசயமில்லை. புடவைகள் பாதிதான் ஆயின. தவணை தவறியதென்று கடைக்காரர் மீதியை வேண்டாம் என்றுவிட்டார். கூடுதலாக வாங்கிய பட்டில் சங்கத்தின் பணம் முடங்கியது. கூலிப் பட்டுவாடா தள்ளிப்போயிற்று. மறுபடி கூட்டம் போட்டார்கள். தலைவர் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாராம்: "நீங்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதுதானே?" பெரியவர் இதை டெலிபோனில் எனக்குச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது.

குற்றம் யாருடையது? தெரிந்ததைச் சொல்லாதவர்களுடையதா, சொல்ல இடம் வைக்காதவருடையதா?

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. கல்யாணப் பேச்சில், நாணத்தால் தலை குனிந்து நிற்கும் பெண்ணுக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். அங்கேகூட எத்தனை பெண்களை அது அழ வைத்ததோ! வேலை செய்யும் இடத்தில் மௌனத்துக்கு நூறு அர்த்தங்கள். பயம், சலிப்பு, மரியாதை, பசி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற தவிப்பு. 'நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது' என்ற நெடுநாள் அனுபவமும் உண்டு. சம்மதம் அந்த நூற்றில் ஒன்று. எழுதுகிறவர் மற்ற தொண்ணூற்றொன்பதையும் அழித்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் புத்தகத்தில் எழுதிவிடுகிறார்.

கூட்டம் போட்டுக் காரியம் செய்வது நமக்குப் புதிதல்ல. திருநெல்வேலிக்கு அருகே மானூரில் சுமார் 800-ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச்சபை எப்படி நடக்க வேண்டும் என்று அந்தச் சபையே செய்துகொண்ட ஏற்பாடு அது. அதில் ஒரு விதி வெகு சுவையானது. எந்த விஷயம் வந்தாலும் 'கூடாது, கூடாது' என்று குறுக்கே நின்று காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு அபராதம். அவருக்குத் துணை நிற்பவருக்கும் அப்படியே! 1,200 வருஷங்களுக்கு முன்பே ஒரு சபை இந்தத் தொல்லையால் எவ்வளவு நொந்துபோயிருந்தால் அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கும்! படிக்கும்போது சிரிப்பு வருகிறது. தங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் பல பேருக்கு நினைவும் வரும்.

ஆனால், 'ஆமாம், ஆமாம்' என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவருக்கு என்ன அபராதம்? அதைப் பற்றி மானூர்க் கல் பேசவில்லை. ஒருவேளை அந்தச் சபையில் அப்படிப்பட்டவர்கள் இல்லையோ என்னவோ. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிலமுள்ளவர்கள். ஒருவருக்கு ஒருவர் பயப்பட வேண்டிய அவசியம் குறைவு.

ஆரணிக்குக் கிழக்கே, அதிக தூரத்தில் இல்லாத உத்திரமேரூரின் கதையும் அப்படித்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், அங்கே வெட்டிய கல்வெட்டுகளைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பெருமைக்கு உரியவைதாம். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. இன்றைக்கும் வைத்துக்கொள்ளத் தக்க விதி! ஆனால் அந்தக் குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத சாஸ்திரப் படிப்பும் வேண்டும். நெசவாளியின் பெயர் அதில் விழ வழியில்லை.

பிறகு அந்த வழி எங்கே பிறந்தது? இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-ல் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களில் பலர் கம்பளித்துணி நெய்த ஏழை நெசவாளிகள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பது அவர்களுடைய கொள்கை. அந்தக் கொள்கை கடல் தாண்டி வந்தது. 1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக்கென்று சட்டம் பிறந்தது. 1935-ல் சென்னையில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமைச் சங்கம் பிறந்தது. இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என்று அழைப்பது அதைத்தான்.

ஆக, ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு நெசவாளிக்குச் சபையில் இடம் இல்லை. இன்று இடம் இருக்கிறது, வாக்கு இருக்கிறது, கையெழுத்துப் போடப் பேனாவும் கொடுக்கிறார்கள். 'முடியாது' என்று சொல்லும் தைரியத்துக்கு மட்டும் இடமில்லை. கிடைத்த இடத்தை மௌனத்தால் நிரப்பிவிட்டுப் போகிறோம்.

பார்க்கின்சன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1950-களில், சிங்கப்பூரில் சரித்திரம் போதித்துக்கொண்டிருந்தபோது, கூட்டங்களைக் கேலி செய்து எழுதினார். அவருடைய கற்பனைக் கமிட்டி, அணு உலை கட்டும் பெருந்தொகையை இரண்டரை நிமிஷத்தில் அங்கீகரித்துவிடும். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம். கூட்டத்தில் கொடுக்கும் காபிச் செலவுக்கு ஒன்றேகால் மணி நேரம்! அணு உலையைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது, காபியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். ஆரணிக் கூட்டத்தில் சுண்டல் பேச்சைக் கேட்டபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். அந்தக் கமிட்டி தெரியாததால் பேசவில்லை. இந்த அறுபது பேர் தெரிந்தும் பேசவில்லை. மழையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா? சுண்டலைப் பற்றிப் பேசினால் யாருக்கும் பாவு நின்றுபோகாது. மனிதர்கள் தெரிந்த இடத்தில் பேசுகிறார்கள் என்பதைவிட, பயமில்லாத இடத்தில் பேசுகிறார்கள் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

'அப்படியானால் பயத்தை விட்டுவிட்டு எல்லோரும் பேசிவிட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். பேசினாலும் போதாது என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் உண்டு. 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவில் சாலஞ்சர் விண்கலத்தை மறுநாள் அனுப்பலாமா என்று டெலிபோன் வழியாக ஒரு கூட்டம் நடந்தது. அன்று கடுங்குளிர். உந்து ராக்கெட்டைச் செய்த கம்பெனியின் இன்ஜினீயர்கள், இந்தக் குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம், அனுப்பாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். விண்வெளித் துறையின் அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் ஐந்து நிமிஷம் தனியே பேச அவகாசம் கேட்டார்கள். அது அரை மணி ஆயிற்று. கடைசியில் நாலு மேலதிகாரிகள் முடிவு செய்தார்கள், இன்ஜினீயர்களை விட்டுவிட்டு. 'போகலாம்' என்று பதில் வந்தது. வேறு யாருக்காவது மாற்று அபிப்பிராயம் உண்டா என்று கேட்டபோது ஒருவரும் பேசவில்லை. மறுநாள் காலை, கிளம்பிய 73-வது விநாடியில் கலம் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள்.

ஆரணியில் மழை, அங்கே குளிர். இரண்டையும் அறிந்தவர்கள் அறையிலேயே இருந்தார்கள். தவறு அறியாமையால் நேரவில்லை. அறிந்தவரின் வாய்க்கும் தீர்மானிப்பவரின் காதுக்கும் இடையே ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தைத் தூர்ப்பது யார் கடமை? கீழே இருப்பவன் தாண்டிக் குதிக்கட்டும் என்று சொல்வது நியாயமாகாது. குதித்துத் தவறினால் விழுகிறவன் அவன். மேலே இருப்பவருக்கு விழும் பயமில்லை. அவர்தாம் இறங்கி வர வேண்டும்.

இதை எழுதும்போது என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நூல்நிலையக் கமிட்டியில் நான் சில காலம் இருந்தேன். புத்தகங்கள் களவு போகின்றன, எல்லாவற்றையும் பூட்டுப் போட்ட பீரோக்களில் வைத்துவிடலாம் என்று ஒரு பிரேரணை வந்தது. பூட்டினால் திருட்டு நிற்கும், படிப்பும் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துத்தானே நான் வாசகனானேன்! ஆனால் அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பிரேரித்தவர் நண்பர் வேறு. பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு வருஷம் கழித்துப் போனபோது பீரோக்கள் பளபளப்பாக இருந்தன. படிக்க வருகிறவர்கள் குறைந்திருந்தார்கள். அந்தப் பெரியவருக்காவது அடுத்த பாவு கிடைக்குமோ என்ற பயம் இருந்தது. எனக்கு என்ன பயம்? என் சோற்றில் யார் கை வைக்கப் போகிறார்கள்? இழப்பதற்கு ஏதுமில்லாதவனின் மௌனம், பிழைப்புக்கு அஞ்சுகிறவனின் மௌனத்தைவிடப் பெரிய குற்றம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

யூதர்களின் பழைய சட்ட நூலான தால்மூத்தில் இரண்டு விதிகள் உண்டு. உயிர்த் தண்டனை வழக்கில் நீதிபதிகளில் இளையவர்தாம் முதலில் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால் இளையவரின் நா எழாது. மற்றொன்று இன்னும் வியப்பானது. நீதிபதிகள் எல்லோரும் எடுத்த எடுப்பிலேயே ஒரே குரலில் 'குற்றவாளி' என்றால் அந்த மனிதனை விட்டுவிட வேண்டும்! அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அவன் பக்கத்தில் பேச ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால், விசாரணையிலேயே ஏதோ கோளாறு என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். நாம் 'ஏகமனதாக' என்று எழுதிப் பெருமைப்படும் இடத்தில் அவர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

நம் பெரியவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். வள்ளுவர் அவையறிதலையும் அவையஞ்சாமையையும் அடுத்தடுத்து வைத்தார். அவற்றுக்கு வெகு முன்னாலேயே கேள்வி என்று ஓர் அதிகாரத்தை வைத்துவிட்டார். தமிழில் 'கேள்வி' என்ற ஒரே சொல் வினாவையும் குறிக்கிறது, செவி கொடுப்பதையும் குறிக்கிறது. வினவுகிறவன் செவி கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்பதை மொழியே நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. "சம்மதந்தானே?" என்று கேட்பவர் வினவவும் இல்லை, கேட்கவும் இல்லை. பதிலைத் தாமே சொல்லிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிறார்.

நல்ல கூட்டம் நடத்துவது பெரிய வித்தையல்ல என்றே நினைக்கிறேன். பேசப்போகும் விஷயத்தை நாலு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டால், வருகிறவர்கள் வீட்டில் யோசித்துவிட்டு வருவார்கள். வேலை நிற்காத நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கலாம். சம்பந்தமில்லாதவர்களை அழைக்காமலே இருக்கலாம். அதில் அவர்களுக்கு அவமானமில்லை, உபகாரம்தான். பெரிய விஷயத்தை முதலிலும் சுண்டலைக் கடைசியிலும் வைக்கலாம். 'சம்மதமா?' என்பதை விட்டுவிட்டு, 'இதில் எங்கே இடறும்?' என்று கேட்கலாம். அதுவும், அந்த வேலையைத் தன் கையால் செய்யப்போகிறவரிடம் முதலில் கேட்கலாம். மறுத்தவரின் காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு, இன்ன காரியத்தை இன்னார் இன்ன தேதிக்குள் செய்வது என்று உரக்கப் படித்துக் காட்டிவிட்டுக் கலையலாம். ஆனால் இவையெல்லாம் ஒன்றுக்குப் பிறகுதான். 'முடியாது' என்று சொன்னவனுக்கு மறுநாள் பாவு வழக்கம்போல் கிடைக்க வேண்டும். அது ஒருமுறை தவறினால் போதும். பிறகு எத்தனை நல்ல விதி செய்தாலும் அந்த ஊரில் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாகத்தான் நிறைவேறும்.

தெருவில் நீட்டிய பாவின் இரு பக்கமும் நின்றவர்களுக்கு இது இயல்பாகவே தெரிந்திருக்கிறது. அறுந்த இழையை அப்போதே முடிந்தால் ஒரு நிமிஷ வேலை. மறைத்துவிட்டால் பின்னால் துணியில் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் கத்தியது குழந்தையா கிழவரா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அதே மனிதர்கள் மாலையில் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, மேஜைக்கு எதிரே உட்கார்ந்ததும் வேறு மனிதர்களாகிவிடுகிறார்கள். மனிதர்கள் அவர்களேதாம், அந்த மேஜைதான் புதிது.

அடுத்த முறை நீங்களும் நானும் ஒரு கூட்டத்தின் முடிவில் பேனாவைக் கையில் எடுக்கும்போது, தலைமை நாற்காலியில் இருந்தாலும் சரி, கடைசி வரிசையில் இருந்தாலும் சரி, ஒரு நிமிஷம் இதை நினைத்துக்கொள்வோம். சீருடை போட்ட அந்தச் சிறு பெண் இப்போது இந்த அறையில் இருந்தால், எந்த இடத்தில் நின்று கத்தியிருப்பாள்?